வழி கேட்டவரும் வழி காட்டப்பட்டவரும்: எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் மாற்றங்களும் ஆட்டக்காரரின் விருப்பமும்

ஒரே பெயரில் பல பத்தாண்டுகளாக வெளிவரும் கற்பனையுலக ஆட்டத் தொடர் ஒன்று தன் இயல்பை மாற்றிக்கொள்ளும்போது, அதன் பழைய ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு என்ன நேர்கிறது என்னும் கேள்விக்கு இரண்டு எளிய விடைகள் வழக்கில் உள்ளன. தொடர் தரம் தாழ்ந்துவிட்டது என்பது ஒன்று. ஆட்டக்காரருக்கு வயதாகிவிட்டது, அவர் ஏங்குவது ஆட்டத்துக்காக அல்ல, கடந்துபோன தம் பதினைந்து வயதுக்காக என்பது மற்றொன்று. இரண்டு விடைகளுமே விருப்பம் என்பதை முன்கூட்டியே முடிவாகிவிட்ட ஒன்றாகக் கொள்கின்றன. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 1994 முதல் வெளியிட்டுவரும் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடர் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். அதன் ஐந்து முதன்மை ஆட்டங்களும் டாம்ரியல் என்னும் ஒரே கற்பனைக் கண்டத்தில் நடந்தபோதிலும், ஆட்டக்காரரிடம் ஒவ்வொன்றும் எதிர்பார்க்கும் வேலை வேறு. மேலும், அதிருப்தியுற்றவர்கள் குறைகூறுவதோடு நில்லாமல் ஆட்டத்தையே திருத்தி எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இத்தொடரில் இருப்பதால், அவர்கள் சொன்னதைச் செய்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது.

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, ஆட்டக்காரர் ஒரு கற்பனை மாந்தரின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு, அம்மாந்தரின் வலிமையையும் திறமையையும் குறிக்கும் எண்களுக்கு உட்பட்டு முடிவுகள் எடுத்து, அவற்றின் விளைவுகளை ஏற்றுக்கொண்டு நகரும் ஆட்ட வகையாகும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையின் ஊற்று. மேசையைச் சுற்றி அமர்ந்து தாள், பென்சில், பகடைகளோடு ஆடப்பட்ட அவ்வாட்டத்தில் நடுவர் ஒருவர் உலகை விவரிப்பார். ஆட்டக்காரர்கள் தாம் செய்ய விரும்புவதைச் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடையும் நடுவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். கணினி அந்த நடுவரின் நாற்காலியில் அமர்ந்தபோது கணக்குப் போடும் வேலை ஆட்டக்காரரை விட்டு நீங்கியது. ஆனால் எதிர்பாராத யோசனை ஒன்றைக் கேட்டு, சரி, செய்து பாருங்கள் என்று இடம்கொடுக்கும் நடுவரின் தாராளம் கணினிக்கு வாய்க்கவில்லை. கணினிவழிப் பாத்திரமேற்பு ஆட்டங்களின் வரலாறு முழுவதையும் இந்த ஆதாயத்துக்கும் இழப்புக்கும் இடையிலான பேரமாகவே படிக்கலாம்.

ஆட்டக்காரரின் விருப்பத்தை விளக்க முயன்றவர்கள் பெரும்பாலும் ஆட்களை வகைபிரித்தார்கள். கிளென் பிளேக்கோ 1980-இல், மேசையாட்டக்காரர்களிடம் ஆற்றலைப் பெருக்குதல், பாத்திரமாகவே வாழ்தல், போர்த்திட்டம் வகுத்தல், கதை சொல்லுதல் என நான்கு போக்குகளைக் கண்டார். ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல், பலர் கூடி ஆடும் இணைய எழுத்து ஆட்டங்களை முன்வைத்து, சாதிப்பவர், தேடித்திரிபவர், கூடிப்பழகுபவர், பிறரைத் தாக்கி மகிழ்பவர் என நான்கு வகையினரைக் காட்டினார். இவ்வகைப்பாடுகள் பயனுள்ளவையே. ஆயினும், ஒரே ஆள் ஒரு தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் தேடித்திரிபவராகவும் ஐந்தாம் ஆட்டத்தில் பொருள் சேர்ப்பவராகவும் நடந்துகொள்வது ஏன் என்பதை இவை விளக்குவதில்லை. மாறுவது ஆளா, அவருக்கு விடப்பட்ட வேலையா என்று கேட்பதே இங்குப் பொருத்தம். எந்த வேலையை ஆட்டம் தன் கையில் எடுத்துக்கொள்கிறது, எதை ஆட்டக்காரரிடம் விட்டுவைக்கிறது என்னும் பங்கீட்டைப் பின்தொடர்ந்தால் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆட்டக்காரர்களின் நெடுநாள் சச்சரவுகள் பலவும் தெளிவாகின்றன.

தொடரின் முதல் ஆட்டமான ‘அரீனா’, களத்தில் மோதும் போர்வீரர்களைப் பற்றிய ஆட்டமாகத் திட்டமிடப்பட்டு, உருவாகும்போதே பாத்திரமேற்பு ஆட்டமாக மாறி 1994-இல் வெளிவந்தது. பழைய திட்டத்தின் சுவடாகப் பெயர் மட்டும் எஞ்சியது. 1996-இல் வந்த ‘டாகர்ஃபால்’ அளவால் திகைக்கவைத்தது. ஏறத்தாழ பிரிட்டன் அளவு பரப்பும், ஊர்களும் பாதாளக் குகைகளுமாக 15,000-க்கும் மேற்பட்ட இடங்களும் கொண்ட அதன் நிலம், விதிமுறைகளைக் கொண்டு கணினியே பெருக்கி அடுக்கிய நிலமாகும். வங்கியில் கடன் வாங்கலாம், வீடும் கப்பலும் வாங்கலாம், சுவரேறலாம், அரக்கர்களின் மொழிகளைக் கற்கலாம். திறன்கள் மட்டும் 35. ஊர்களுக்கு இடையே நடந்து செல்வதில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பதால், வரைபடத்தில் ஊரைத் தொட்டு உடனே அங்குச் சென்றுசேரும் விரைவுப் பயண முறை இருந்தது. இந்தச் செய்தியை நினைவில் இருத்திக்கொள்வது நல்லது. பின்னால் எழுந்த சண்டையில் பலரும் மறந்துவிட்ட செய்தி இதுவே.

அடுத்த இரண்டு துணை ஆட்டங்களான ‘பேட்டில்ஸ்பயர்’ (1997), ‘ரெட்கார்ட்’ (1998) ஆகியன எதிர்பார்த்தபடி விலைபோகாத நெருக்கடியில் உருவானது 2002-இன் ‘மாரோவிண்ட்’. டாட் ஹோவர்டு திட்டத் தலைவராகவும், மேசையாட்ட எழுத்தாளராகப் பெயர்பெற்றிருந்த கென் ரோல்ஸ்டன் தலைமை வடிவமைப்பாளராகவும் பணியாற்றிய இவ்வாட்டம், டாகர்ஃபாலின் எல்லையற்ற நிலத்தைக் கைவிட்டு, வார்டன்ஃபெல் என்னும் எரிமலைத் தீவு ஒன்றைக் கல் கல்லாகக் கையால் அமைத்தது. மரங்களின் உயரத்துக்குக் காளான்கள் வளரும், குடையப்பட்ட பெரும்பூச்சியின் முதுகில் ஏறி ஊர்விட்டு ஊர் செல்லும் அந்நிலத்தில் ஆட்டக்காரர் முன்பின் தெரியாத அயலார். வரைபடத்தைத் தொட்டுப் பறக்கும் வசதி நீக்கப்பட்டது. பூச்சி வண்டி, படகு, மாயவித்தைச் சங்கத்தின் இடமாற்றிகள், குறித்துவைத்த இடத்துக்குத் திரும்பும் மந்திரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து, பேருந்து மாறி மாறி ஏறுபவரைப் போல, பயணத்தை ஆட்டக்காரரே திட்டமிட வேண்டியிருந்தது.

இவ்வாட்டத்தில் வழி என்பது எழுத்தால் ஆனது. பால்மோரா நகரின் போர்வீரர் சங்கத்தில் இருக்கும் ஹாஸ்ஃபாட் என்பவர், அழிந்துபோன ட்வெமர் இனத்தாரின் புதிர்ப்பெட்டி ஒன்றை ஆர்க்ங்தாண்ட் இடிபாடுகளிலிருந்து எடுத்துவரச் சொல்கிறார். நகரை விட்டு எந்தப் பக்கம் வெளியேறுவது, எந்தக் கோட்டையைத் தாண்டுவது, எந்தப் பழைய பாலத்தைக் கடப்பது என்பதெல்லாம் உரையாடலில் சொல்லப்பட்டு நாட்குறிப்பில் பதிவாகும்; அவ்வளவே. பாலத்தைக் கண்டுபிடித்து ஏறிச் சென்றவர், கதவு திறக்காமல் விழித்து, அருகிலுள்ள குழாயின் திருகியைச் சுழற்ற வேண்டும் என்பதைக் கண்டுகொள்ளச் சில நிமிடங்களேனும் ஆகும். சில பணிகளில் சொல்லப்படும் வழியே தவறு. கிழக்கு என்றவர் மேற்கைச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சுற்றியலைந்தவர் தேடிய குகைக்குப் பதிலாக வேறொரு கல்லறையைக் கண்டு, அதற்குள் இறங்கி, வந்த வேலையை மறந்துவிடுவதும் உண்டு. குறையும் சிறப்பும் இவ்வாட்டத்தில் ஒட்டிப் பிறந்தவை என்பதற்கு இது சான்று.

இன்னொரு காட்சி இதைவிடப் பேர்பெற்றது. ஆட்டம் தொடங்கும் சேடா நீன் என்னும் சதுப்புநில ஊருக்குச் சற்று வெளியே, அலறியபடி வானிலிருந்து ஒரு மந்திரவாதி விழுந்து இறக்கிறான். அவன் உடலில் மூன்று மந்திரச் சுருள்கள் கிடைக்கின்றன. சுருளை ஓதித் தாவினால் ஆட்டக்காரர் மேகத்தைத் தொடும் உயரத்துக்கு எழும்பித் தீவின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்; மந்திரத்தின் ஆயுளோ ஏழு நொடி. தரையைத் தொடும் நேரத்தில் மந்திரம் முடிந்திருக்கும் என்பதால் ஓதியவரும் அவனைப் போலவே இறப்பார், இறங்கும் கணத்தில் இரண்டாவது சுருளையும் ஓத அவருக்குத் தோன்றினால் ஒழிய. யாரும் விளக்கம் சொல்வதில்லை. எச்சரிக்கைப் பலகை எதுவும் திரையில் எழுவதில்லை. விதிகள் ஆட்டக்காரருக்கும் மந்திரவாதிக்கும் ஒன்றே என்பதை ஒரு சாவின் வழியே கற்பிக்கும் இக்காட்சியில், மாரோவிண்டை விரும்பியவர்களின் விருப்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். அறிவைப் பெருக்கும் மருந்தைக் குடித்தால் இன்னும் வலிய மருந்து காய்ச்சலாம், அதைக் குடித்தால் அதனினும் வலியது என்று சுழன்று சுழன்று கடவுளர்க்கு நிகரான ஆற்றலைப் பெறுவதும் அங்கு அனுமதிக்கப்பட்ட ஒன்றே. கதைக்கு இன்றியமையாத மாந்தரைக் கொன்றுவிட்டால், கதை இனி நிறைவேறாது என்னும் அறிவிப்பு மட்டும் வரும். தொடர்ந்து வாழ்வதும் பழைய பதிவுக்குத் திரும்புவதும் ஆட்டக்காரரின் பாடு.

2006 மார்ச்சில் வெளிவந்த ‘ஒப்ளிவியன்’ இப்பங்கீட்டைப் புரட்டிப்போட்டது. அம்மாற்றங்களுக்கு நிறுவனத்தின் பேராசையைக் காரணம் காட்டுவது பழைய ஆட்டக்காரர்களின் வழக்கம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்த தொழில்நுட்பக் காரணங்களையே முதலில் பார்க்க வேண்டும். மாரோவிண்டின் உரையாடல் பெரும்பாலும் படிக்கும் எழுத்து. ஒப்ளிவியனில் ஒவ்வொரு வரியும் நடிகர் குரலில் பதிவு செய்யப்பட்டது. பேரரசருக்கு பாட்ரிக் ஸ்டூவர்ட்டும் அவர் மகன் மார்ட்டினுக்கு ஷான் பீனும் குரல் கொடுத்தார்கள். எஞ்சிய நூற்றுக்கணக்கான மாந்தர்க்கோ ஒரு சிறு குழுவினரின் குரலே மாறி மாறிப் பயன்பட்டதால், பிச்சைக்காரரும் கடைக்காரரும் ஒரே தொண்டையில் பேசினார்கள். எழுத்தில் பத்து வரி வழி சொல்வதற்குச் செலவில்லை, குரலில் உண்டு; பதிவு செய்த பின் ஒரு குகையை இடம் மாற்றினால் வசனத்தையும் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே வழி உரையாடலிலிருந்து நீங்கித் திரையின் அடியிலுள்ள திசைகாட்டிக்கும் அதில் மிளிரும் இலக்குக் குறிக்கும் இடம்பெயர்ந்தது. நகரங்கள் கணினியின் நினைவகச் சுமையைக் குறைக்கத் தனித்தனிப் பகுதிகளாக அமைக்கப்பட்டதால், மதிலுக்கு மேல் பறப்பதை இயலாததாக்க வேண்டியிருந்தது; மிதக்கும் மந்திரம் தொடரை விட்டே மறைந்தது. கதையுலகில் அதற்குச் சட்டத்தடை ஒன்று காரணமாகச் சொல்லப்பட்டாலும், சட்டமியற்றியது நினைவகமே.

பகையின் அளவை ஆட்டக்காரரின் நிலைக்கு ஏற்ப உயர்த்தும் முறை பற்றிய குறை வேறு வகையானது. ஒப்ளிவியனுக்கு முன்னரும் இம்முறை ஓரளவு உண்டு என்றாலும் அங்கு அது உலகெங்கும் விரிக்கப்பட்டது. தொடக்கத்தில் தோல்கவசம் அணிந்த கொள்ளையர், ஆட்டக்காரர் வளர வளரத் தாமும் வளர்ந்து, முடிவில் மிக அரிய கண்ணாடிக் கவசத்தோடு காட்டில் நிற்கிறார்கள். அணிந்திருக்கும் கவசத்தை விற்றால் மாளிகையே வாங்கலாம் என்ற நிலையில் இருக்கும் வழிப்பறிக்காரன் நூறு பொற்காசுக்கு வழிமறிக்கிறான். எங்கும் போகலாம், எதையும் எந்த வரிசையிலும் செய்யலாம் என்னும் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை இது. போகக்கூடாத இடம் என்று ஒன்று இல்லாமற்போனபோது, போய்ச்சேர்ந்ததன் பெருமையும் இல்லாமற்போயிற்று.

இதோடு வளர்ச்சி முறையும் சேர்ந்து ஒரு விபரீதத்தை உண்டாக்கியது. முதன்மைத் திறன்கள் மொத்தம் பத்துமுறை உயர்ந்தால் ஆட்டக்காரர் அடுத்த நிலைக்குச் செல்வார். அதற்கிடையில் எந்தெந்தத் திறன்களை எத்தனை முறை பயின்றார் என்பதைப் பொறுத்து வலிமை, அறிவு முதலிய பண்புகள் ஒன்று முதல் ஐந்து புள்ளி வரை கூடும். கவனமின்றி வளர்ந்தவரைவிட அவரைச் சூழ்ந்த உலகம் வேகமாக வளர்ந்துவிடும் என்பதால், பலர் தாம் பயன்படுத்தாத திறன்களையே முதன்மையாகத் தேர்ந்து, உயர்வுகளைத் தாளில் குறித்துக்கொண்டு, உறங்கி எழுவதைக்கூடத் தள்ளிப்போட்டு ஆடினார்கள். கணக்கு வேலையை எளிதாக்க விரும்பிய ஆட்டம், தொடரிலேயே மிகுந்த கணக்கை ஆட்டக்காரர் தலையில் கட்டியது.

இனி, மேலே நினைவில் இருத்திய செய்திக்கு வரலாம். மாரோவிண்டின் ஆட்டக்காரர்கள் ஒப்ளிவியன்மீது வைத்த குற்றங்களில் முதன்மையானது, வரைபடம் தொட்டுப் பயணிக்கும் முறை தொடரின் மரபைக் கெடுத்துவிட்டது என்பது. வரலாற்றின்படி நடந்தது அதுவன்று. அரீனாவிலும் டாகர்ஃபாலிலும் இருந்த முறை மாரோவிண்டில் மட்டும் நீக்கப்பட்டு ஒப்ளிவியனில் திரும்பி வந்தது. மரபு என்று எதையேனும் சொல்வதானால் மாரோவிண்டே விதிவிலக்கு. அதுபோலவே மாரோவிண்ட் வந்தபோது டாகர்ஃபால் ஆட்டக்காரர்கள் நிலம் சுருங்கியதையும், திறன்கள் 27 ஆகக் குறைந்ததையும், வங்கியும் சுவரேற்றமும் மொழிகளும் மறைந்ததையும் சொல்லி வருந்தினார்கள். ஆக, வீழ்ச்சியை அளக்கும் கோல் ஒவ்வொருவரும் தொடருக்குள் நுழைந்த ஆண்டில் நடப்பட்டிருக்கிறது. இதைக் கொண்டு எல்லாக் குறைகளும் நினைவின் மயக்கமே என்று தள்ளிவிட இயலாது. விரைவுப் பயணம் எல்லா இடத்திலும் ஒன்றையே செய்வதில்லை. டாகர்ஃபாலில் அது வெற்று நிலத்தைத் தாண்டியது. ஒப்ளிவியனிலோ, கையால் செய்த நிலத்தைத் தாண்டியது. பழைய ஆட்டக்காரரின் வரலாற்று வாதம் பிழை, அவர் உணர்ந்த இழப்பு மெய்.

2011 நவம்பர் 11-இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ பற்றி எழுதப்பட்டவை மலைபோல் குவிந்துள்ளதால் இங்கு இரண்டு செய்திகள் போதும். முதலாவது, தொடரின் எட்டுப் பண்புகளும் நீக்கப்பட்டு உடல்நலம், மந்திர ஆற்றல், தாங்குதிறன் என்னும் மூன்று அளவுகள் மட்டும் எஞ்சின. 21 திறன்கள் 18 ஆயின. தொடக்கத்தில் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும் போயிற்று. எதைச் செய்கிறாரோ ஆட்டக்காரர் அதுவாகிறார். கேட்பதற்கு இதைவிடச் சிறந்த சுதந்திரம் இல்லை. நடந்ததோ வேறு; மந்திரவாதியாக வாழ முடிவெடுத்துத் தொடங்கியவரும் வாள்வீரராகத் தொடங்கியவரும் சில மணி நேரத்தில் இருட்டில் பதுங்கி அம்பெய்பவராக முடிவதாக ஆட்டக்காரர்களிடையே ஓயாத கேலி உருவானது. மறைந்திருந்து எய்யும் அம்புக்குப் பன்மடங்கு சேதம் உண்டு, அடிபடும் இடர் குறைவு. தடையில்லாத இடத்தில் நீர் பள்ளத்தை நோக்குவதுபோல் ஆட்டமும் ஆதாயத்தை நோக்கி ஓடியது. தாம் விரும்பியதை ஆட அனுமதிக்கப்பட்டவர்கள், தாம் விரும்பாத ஒன்றையே ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்தார்கள். தேர்ந்தபின் மாற்ற முடியாத தொழில் என்னும் பழைய கட்டுப்பாடு, தன்னிடமிருந்தே ஆட்டக்காரரைக் காத்துவந்தது என்பதை அது நீங்கிய பின்னரே அறிய முடிந்தது.

இரண்டாவது செய்தி நுட்பமானது. திசைகாட்டி பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாமே என்று ஸ்கைரிமை ஆதரிப்போர் கூறுவது வழக்கம். அணைத்துப் பார்த்தவர்கள் கண்டது, அணைத்தபின் ஆட்டம் ஊமையாகிவிடுகிறது என்பதையே. பணி தருபவர் ஒரு குகையின் பெயரைச் சொல்கிறார். அது எந்த மலையின் எப்பக்கம் என்பதை அவரும் சொல்வதில்லை, நாட்குறிப்பும் சொல்வதில்லை. குறியை நம்பி எழுதப்பட்ட உலகத்தில் குறியை நீக்கினால் எஞ்சுவது பழைய ஆட்டம் அன்று, வெறும் குழப்பம். ஒரு வேலையை ஆட்டம் ஆட்டக்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டபின், திரும்பக் கொடுப்பதற்கு ஒரு பொத்தான் போதாது. அந்த வேலையைச் சுற்றி உலகமே மறுபடி எழுதப்பட வேண்டும்.

அப்படி எழுத முற்பட்டவர்கள் மாட் செய்பவர்கள். மாட் என்பது ஆட்டத்தின் கோப்புகளில் ஆட்டக்காரரே சேர்க்கும் திருத்தம் அல்லது விரிவு. மாரோவிண்டின் கணினிப் பதிப்போடு உலகை அமைக்கும் கருவியையே பெதஸ்டா வழங்கியதால் இத்தொடரில் மாட் பண்பாடு வேரூன்றியது. வாய்ப்பேச்சைவிட மாட்களே விருப்பத்துக்கு நம்பகமான சாட்சி. ஏனெனில் குறைகூறப் பத்து நிமிடம் போதும், மாட் செய்யப் பல ஆண்டு வேண்டும். ஒப்ளிவியன் வெளிவந்த அதே ஆண்டிலேயே பகையளவு உயரும் முறையை அகற்றி, அச்சத்துக்குரிய இடங்களை மீட்டுத்தரும் பெருந்திருத்தங்கள் வந்துவிட்டன. அவற்றுள் ‘ஆஸ்குரோஸ் ஒப்ளிவியன் ஓவர்ஹால்’ பரவலாக ஆடப்பட்டது. ஸ்கைரிமுக்கு ‘ரெக்வீம்’ அதே வேலையைச் செய்தது. குளிரையும் நனைதலையும் உயிருக்கு ஆபத்தாக்கிய ‘ஃப்ராஸ்ட்ஃபால்’, பயணத்தைப் பயணமாக்கியது. நாட்குறிப்பில் வழிக்குறிப்புகளை எழுதிச் சேர்க்கும் மாட்களும் உண்டு.

இதற்கு நேர்மாறான சாட்சியமும் அதே இடத்தில் இருக்கிறது. மாரோவிண்டில் வாள் உடலில் படுவது கண்ணுக்குத் தெரிந்தாலும், பட்டதா என்பதை மறைவில் உருளும் பகடையே முடிவு செய்கிறது. ஓடிக் களைத்து வந்து எளிய நண்டு ஒன்றை வெட்டும் புதியவர் பத்துமுறை வீசி எட்டுமுறை தவறவிடுவார். இம்முறையை நீக்கும் மாட்கள் மாரோவிண்டின் அன்பர்களிடமே செல்வாக்குப் பெற்றவை. முதல் வெளியீட்டின் நாட்குறிப்பு, பணிவாரியாகப் பிரிக்கப்படாமல் நாள்வரிசையில் நூற்றுக்கணக்கான பக்கங்களாய் நீண்டது. அதே ஆண்டின் ‘டிரிப்யூனல்’ விரிவாக்கம் அதைத் திருத்தியபோது யாரும் கண்ணீர் வடிக்கவில்லை. வாயளவில் எல்லாமே பழையபடி வேண்டும் என்றவர்கள் செயலளவில் தேர்ந்தெடுத்தே மீட்டிருக்கிறார்கள். வழி தேடுதலும் ஆபத்தான இடங்களும் மந்திரங்களைத் தாமே புனையும் உரிமையும் மீட்கப்பட்டன; மறைவுப் பகடைக்கும் குழம்பிய நாட்குறிப்புக்கும் ஆதரவாளர் குறைவு. பண்புகளின் எண்ணிக்கை எட்டிலிருந்து மூன்றானது குறித்து எழுந்த கூச்சல் அளவுக்கு மிஞ்சியது என்றே இக்கட்டுரை கருதுகிறது. எண்கள் குறைவது கணினி எப்படியும் செய்துவந்த கணக்கு குறைவதே. முந்தைய ஆட்டங்களில் இருந்த மந்திரம் புனைதல் ஸ்கைரிமில் நீங்கியது அப்படியன்று. அது ஆட்டத்தை வடிவமைத்தவரே எதிர்பாராத விளைவுக்கு இடமளித்த, மேசை நடுவரின் பழைய தாராளத்துக்கு மிக அருகில் வந்த ஏற்பாடாகும்.

வயதையும் நேரத்தையும் காரணம் காட்டும் வாதத்துக்கும் உரிய இடம் உண்டு. மாணவராக இருந்தபோது தவறான வழியில் ஒரு மாலை முழுவதும் அலைந்ததை மகிழ்ச்சியாக நினைவுகூர்பவர், வேலை முடிந்து வந்து கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அதையே சகித்துக்கொள்வார் என்பதற்கு உறுதியில்லை. ஸ்கைரிம் 6 கோடிக்கும் மேல் விற்றதாக டாட் ஹோவர்டு 2023-இல் தெரிவித்தார். அத்தனை பேரும் ஏமாந்தவர்கள் அல்லர். ஆனால் நேரமின்மை வாதம் தனியே நின்றால், பழைய வேலையைக் கேட்டு வாங்கும் புதிய ஆட்டங்கள் விலைபோவதை விளக்காது. ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ (2018) தன் கடின முறையில் வரைபடத்தில் ஆட்டக்காரர் நிற்கும் இடத்தையே மறைத்துவிடுகிறது; பணிப் பட்டியல் எதுவும் தராத ‘எல்டன் ரிங்’ (2022) உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. தொடர் கைவிட்ட விருப்பம் வேறு தொடர்களுக்குக் குடிபெயர்ந்தது. மேசையாட்டத்திலும் இது நடந்திருக்கிறது: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு 2008-இல் விதிகளைப் பெரிதும் மாற்றியபோது, முந்தைய பதிப்பின் விதிகளைத் தழுவிய ‘பாத்ஃபைண்டர்’ அடுத்த ஆண்டே வெளிவந்து அதிருப்தியாளர்களைத் திரட்டிக்கொண்டது.

பெதஸ்டாவும் இதைக் கவனியாமல் இல்லை. ஸ்கைரிமுக்கு 2017-இல் அது சேர்த்த பிழைத்திருப்பு முறையில் பசியும் குளிரும் களைப்பும் உண்டு, வரைபடம் தொட்டுப் பயணிக்க முடியாது. மாட் செய்பவர்கள் முன்பே செய்துவைத்ததை நிறுவனம் பின்னால் வந்து தன் பெயரில் வழங்கியது. 2025 ஏப்ரலில் வெளிவந்த ஒப்ளிவியன் மறுபதிப்பு எதைத் திருத்தியது, எதை விட்டது என்பது இன்னும் தெளிவான சான்று. தாளில் குறித்துக்கொண்டு ஆடவைத்த வளர்ச்சி முறை மாற்றப்பட்டு, ஒவ்வொரு நிலைக்கும் 12 புள்ளிகளை ஆட்டக்காரரே பண்புகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் முறை வந்தது. திசைகாட்டியும், ஆட்டக்காரரோடு சேர்ந்து வளரும் கொள்ளையரும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறார்கள். கணக்கைத் திருத்துவது எளிது. உலகைத் திருத்த முழுவதையும் மறுபடி எழுத வேண்டியிருந்திருக்கும். அறிவிக்கப்பட்டது 2018-இலேயே ஆனாலும் ஆறாம் ஆட்டம் இன்னும் வெளிவரவில்லை என்பதால், அது எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பதில் பயனில்லை.

இதற்கிடையில், மாரோவிண்டின் தீவைச் சூழ்ந்த பெருநிலத்தை அந்த 2002-ஆம் ஆண்டு ஆட்டத்துக்குள்ளேயே கட்டிமுடிக்க முனைந்த ‘டாம்ரியல் ரீபில்ட்’ குழுவினர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊதியமின்றி உழைத்து, பகுதி பகுதியாக நிலத்தை வெளியிட்டுவருகிறார்கள். உரையாடல் எழுத்தாகவே இருப்பதால் அவர்களுக்கு நடிகரும் வேண்டாம், ஒலிப்பதிவுக் கூடமும் வேண்டாம். குகையை இடம் மாற்றினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். புதிதாகச் சேரும் ஊர்களில் பணி தருபவர்கள் இன்றும் எந்தச் சாலைச் சந்தியில் திரும்ப வேண்டும், எந்த ஆற்றை ஒட்டி நடக்க வேண்டும் என்று வாயால் வழி சொல்கிறார்கள், கேட்டவர் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டு நடக்கிறார்.